என்.ஐ.சி.யூ-வில் இருந்த குழந்தை: ஓ.ஏ.இ. பாஸ் ஆன பிறகும் பெரா டெஸ்ட் தேவையா?

மலைக்காற்று (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். மகளுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை குறைவு, மஞ்சள் காமாலை வேறு. கீழே சேலத்தில் என்.ஐ.சி.யூ-வில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) வைத்து, நீல லைட் போட்டு, ரத்தம் மாற்ற வேண்டியிருக்கும் என்கிற அளவுக்குப் போய்த்தான் குறைந்தது.

டிஸ்சார்ஜ் அன்று காதில் சின்ன ரப்பர் முனை வைத்து ஓ.ஏ.இ. என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். வலது பாஸ், இடது ரெஃபர், அதாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று வந்தது. தடுப்பூசிக்குப் போனபோது மறுபடி எடுத்ததில் இரண்டு காதும் பாஸ். ஆனாலும் குழந்தை டாக்டர் பெரா என்ற இன்னொரு காது டெஸ்டும் எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் யாருக்கும் மனசில்லை. மாமியார் கொலுசை ஆட்டுகிறார், பாப்பா திரும்பிப் பார்க்கிறாள். "நல்லா கேக்குற புள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துத் தலையில ஒயர் ஒட்டணுமா" என்று கேட்கிறார். என் கணவருக்கும் எஸ்டேட்டில் சட்டென்று லீவு கிடைக்காது. பாஸ் ஆன பிறகும் இந்த டெஸ்ட் அவசியமா? இரண்டும் ஒரே டெஸ்ட்தானா, வேறு வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை ராஜா

என் பையன் மூன்று வயதுக்கு அப்புறம்தான் பேசினான். இப்போது எட்டாம் வகுப்பு, வாய் ஓய்வதில்லை. கொலுசு சத்தத்துக்குத் திரும்புகிறாள் என்றால் காது கேட்கிறது என்றுதானே அர்த்தம். பச்சைக் குழந்தையை அலைய விடாதீர்கள். ஒரு வயது வரை பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

செவிச்செல்வம்

தங்கச்சி, டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம். நான் சேலத்தில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவராக வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வீட்டில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் கொலுசு. உங்கள் பாப்பா பிறந்து நான்கு மாதம் ஆனாலும் எட்டாம் மாதத்தில் வந்தவள். அவள் வயதைப் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டரை மாதம்தான். அந்த வயதில், சத்தம் வரும் பக்கம் தேடித் தலையைத் திருப்பும் பழக்கம் இன்னும் சரியாக வந்திருக்காது. வெள்ளி மின்னுகிறது, பாட்டியின் கை அசைகிறது, அதற்குத் திரும்புகிறாள். கை தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான். தட்டும்போது காற்று முகத்தில் படும், நிழல் ஆடும், கட்டில் அதிரும். காது கேட்காத குழந்தைகள் இவற்றை எல்லாம் மற்றக் குழந்தைகளைவிடக் கூர்மையாகக் கவனிப்பார்கள்.

குழந்தை திரும்புவதையும் சிரிப்பதையும் நம்பாமல், உடம்பே பதில் சொல்லட்டும் என்று எடுப்பவைதான் இந்த டெஸ்டுகள். உங்களுக்கு எடுத்த முதல் டெஸ்ட் ஓ.ஏ.இ. உள்காதில் காக்லியா என்ற சுருளுக்குள் மயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் வெளி வரிசையில் இருப்பவை சத்தம் வந்தால் தாங்களும் அசைந்து, மிக மெல்லிய ஒலி ஒன்றைக் காதுக் குழாய் வழியே வெளியே அனுப்பும். 1978-ல் டேவிட் கெம்ப் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இதைப் பதிவு செய்தார். அந்த ரப்பர் முனைக்குள் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் இருக்கின்றன. ஸ்பீக்கர் கிளிக் கிளிக் என்று சத்தம் கொடுக்கும், திரும்பி வரும் ஒலியை மைக் பிடிக்கும். குழந்தை அசையாமல் இருந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ எடுத்தால் காதில் பிறந்தபோது இருந்த வெள்ளை மாவு, நடுக்காது நீர் இவற்றாலேயே ரெஃபர் வரலாம். அதனால்தான் மறுபடி எடுக்கிறார்கள்.

ஆனால் ஓ.ஏ.இ. அந்த வெளி வரிசையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள் வரிசை மயிரணுக்கள், செவி நரம்பு, மூளைத்தண்டு என்று பாதை இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி ஓ.ஏ.இ. ஒன்றும் சொல்லாது. மீட்டர் பெட்டி வரை கரண்ட் வந்திருக்கிறதா என்று பார்ப்பது ஓ.ஏ.இ., வீட்டுக்குள் பல்பு எரிகிறதா என்று பார்ப்பது பெரா. குறைமாதமும் கடுமையான மஞ்சள் காமாலையும் எங்கே அடிக்கின்றன தெரியுமா? அந்த நரம்பிலும் மூளைத்தண்டிலும்தான். காமாலையில் ரத்தத்தில் ஏறும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அங்கே போய்ப் படிந்தால், வெளி வரிசை நன்றாக இருந்து ஓ.ஏ.இ. பாஸ் ஆகும், ஆனால் சத்தம் மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. இதற்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். அமெரிக்காவில் குழந்தைகளின் செவித்திறனுக்கென்று இருக்கும் கூட்டுக்குழு, 5 நாளுக்கு மேல் என்.ஐ.சி.யூ-வில் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெரா வகை டெஸ்ட்தான் எடுக்க வேண்டும் என்று 2007-லேயே சொல்லிவிட்டது. உங்கள் டாக்டர் செய்திருப்பது அதைத்தான்.

பெராவில் நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்ன எலெக்ட்ரோடு ஒட்டுவோம். அவை தோலின் மேல்தான் இருக்கும். ஊசி இல்லை, ஷாக் இல்லை. உடம்புக்குள் கரண்ட் போவதில்லை, உடம்பிலிருந்து வருவதைத்தான் வாங்குகிறோம். காதில் கிளிக் சத்தம் போகும்போது நரம்பும் மூளைத்தண்டும் கொடுக்கும் மிகச் சின்ன மின் அலைகள் 10 மில்லி செகண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 1971-ல் ஜூவெட், வில்லிஸ்டன் இருவரும் விவரித்த இந்த அலைகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு முக்கியமானது ஐந்தாவது அலை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஐந்தாவது அலை எந்த டெசிபல் வரை தெரிகிறது என்று பார்ப்போம். ஒரு தடவை கிளிக் செய்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அளவிலும் ஆயிரம், இரண்டாயிரம் தடவை கிளிக் கொடுத்துச் சராசரி எடுத்தால்தான் அலை மேலே வரும். அதனால்தான் குழந்தை தூங்க வேண்டும்.

மயக்க மருந்து என்று பயப்பட வேண்டாம். இந்த வயதுக் குழந்தை பால் குடித்துவிட்டுத் தானாகவே தூங்கும், பெரும்பாலும் அதிலேயே முடித்துவிடலாம்.

அம்மாப்பேட்டை தறிக்காரர்

செவிச்செல்வம் அக்கா எழுதியிருப்பதை என் மகளிடமே பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

வீட்டிலேயே விசைத்தறி ஓடுகிறது. மகள் நிறைமாதத்தில்தான் பிறந்தாள், ஆனால் மஞ்சள் காமாலை கடுமையாகி ரத்தமே மாற்றினார்கள். டிஸ்சார்ஜில் ஓ.ஏ.இ. பாஸ் என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். பெராவைப் பற்றி அந்த மருத்துவமனையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தறி ஓடும்போது தொட்டிலில் நன்றாகத் தூங்குவாள். பெரியவர்கள், வயிற்றில் இருக்கும்போதே தறி சத்தம் கேட்டுப் பழகிய பிள்ளை என்றார்கள். சில நாள் கூப்பிட்டால் திரும்புவாள், சில நாள் குக்கர் விசில் அடித்தாலும் திரும்ப மாட்டாள். இந்த 'சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது' என்பதுதான் எல்லோரையும் குழப்பியது.

ஒரு வயது தாண்டியும் அம்மா என்று வரவில்லை. அங்கன்வாடிக்கு வந்த டாக்டர் டீம்தான் எழுதி அனுப்பியது. பெரா எடுத்த ஆடியாலஜிஸ்ட் ஸ்கிரீனை எனக்குக் காட்டினார். 90 டெசிபல் கொடுத்தும் ஐந்தாவது அலை இல்லை, கோடு நேராகவே போகிறது. ஆரம்பத்தில் மட்டும் சின்னதாக ஒரு நெளிவு. கிளிக்கின் திசையை மாற்றிப் போட்டார். அந்த நெளிவு அப்படியே தலைகீழாகப் புரண்டது. அது நரம்பிலிருந்து வருவதில்லை, காக்லியாவிலிருந்து வருவது என்றார். கையோடு ஓ.ஏ.இ. எடுத்தார், இரண்டு காதும் பளிச்சென்று பாஸ். "இந்த இரண்டு பேப்பரையும் சேர்த்து வைத்தால்தான் உங்கள் மகளுக்கு என்ன என்று தெரியும், ஒன்றை மட்டும் பார்த்தால் தெரியாது" என்று சொன்னார்.

காது மிஷின் போட்டு மாதக்கணக்கில் பார்த்தோம், பேச்சு வரவில்லை. அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்தார்கள். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்தத் திட்டத்தில் உண்டு. ஆபரேஷனைவிடப் பெரிய வேலை அதற்கப்புறம் வந்த பேச்சுப் பயிற்சிதான். என் மனைவி சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டி, "என்ன சத்தம்? டம்ளர்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது எங்கள் தெருப் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

ராஜா அண்ணன் பையனுக்குப் பேச்சு நன்றாக வந்தது சந்தோஷம். ஆனால் அந்தப் பையன் என்.ஐ.சி.யூ-வில் இருந்தவனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு இல்லை.

மலைக்காற்று

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மாமியாரிடமும் படித்துக் காட்டினேன். "சரி, போயிட்டு வாங்க" என்றுவிட்டார். கணவர் மேஸ்திரியிடம் பேசி லீவு கேட்டிருக்கிறார். இனி எப்படித் தயாராவது என்று சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறினாலே பாப்பா தூங்கிவிடுவாள், இறங்கினதும் முழித்துக்கொள்வாள்.

செவிச்செல்வம்

அதுதான் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இருக்கும் பெரிய தொல்லை. 20 கொண்டை ஊசி வளைவிலும் மடியில் நன்றாகத் தூங்கும் குழந்தை, எங்கள் ரூமுக்குள் வந்ததும் கண்ணை உருட்டிக்கொண்டு பார்க்கும். முடிந்தால் முந்தின நாள் மாலையே இறங்கி, கோரிமேடு, அஸ்தம்பட்டி பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்பி விளையாட்டுக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தூங்க விடாதீர்கள். எலெக்ட்ரோடு ஒட்டி முடிந்த பிறகு பால் கொடுங்கள், அப்படியே மடியில் தூங்கட்டும், மடியிலேயே எடுத்துவிடுவோம்.

தூக்க சிரப் கொடுக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும், எத்தனை மணி நேரம் முன் பால் நிறுத்த வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கொடுப்பது ட்ரைகுளோஃபாஸ் சிரப். எடை பார்த்து, டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு வீட்டிலேயே ஊற்றிக்கொண்டு வாருங்கள் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு பிடிக்காது, நாங்கள் நறநறவென்று ஒரு ஜெல் போட்டுத் தேய்க்க வேண்டிவரும், அதிலேயே குழந்தை விழித்துவிடும். கண் மையும் பவுடரும் அன்று வேண்டாம். காது குத்து வைத்திருந்தால் டெஸ்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். குத்தின புண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினால் வீறிட்டு அழும்.

காதுக்குள் எண்ணெய் விடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். டெஸ்டுக்காக மட்டும் சொல்லவில்லை. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து டெஸ்டுக்குக் காதில் வைக்கும் ரப்பர் முனையை அடைத்துக்கொள்வதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். பிஞ்சுக் காதுக்குள் சீழ் பிடிக்கவும் அதுவே வழி செய்கிறது.

இன்னொன்று. சளி இருக்கும்போது மலை இறங்கினால் வெளியே காற்றழுத்தம் கூடும், நடுக்காதில் கூடாது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. பெரியவர்களுக்கே காது அடைக்கும். இறங்கும்போது பால் கொடுத்துக்கொண்டே வந்தால் விழுங்க விழுங்க அழுத்தம் சமமாகும். மூக்கு ஒழுகினால் போன் செய்து தேதியைச் சில நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஊசி போடும் அக்கா

நான் மலையில் கிராம சுகாதார செவிலியர். மலைக்காற்று, நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

பணம் கொடுத்துத் தனியாரில்தான் எடுக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள், காது கேளாமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை டீம் வரும். அவர்கள் எழுதிக் கொடுத்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். தாய்-சேய் அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.ஏ.இ. பேப்பர் மூன்றையும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிலிருபின் எவ்வளவு ஏறியது, ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி போட்டார்களா என்று இருக்கும். அந்த ஊசிகள் உயிரைக் காப்பாற்றப் போடுபவைதான், ஆனால் காதைப் பாதிக்கக்கூடியவை, டெஸ்ட் எடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிறவியிலேயே காது கேளாமை ஆயிரம் குழந்தைக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருப்பவர்கள், மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள் எல்லோரும் முன்னாடியே வாருங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மிஷினோ பயிற்சியோ தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. மலைக்காற்று, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் ஆற அமரப் போகும் அளவுக்கு இல்லை.

செவ்வாய்ப்பேட்டை ராஜா

தறிக்காரர் தம்பி எழுதியதைப் படித்தேன். நான் சொன்னதை மலைக்காற்று எடுத்துக்கொள்ள வேண்டாம், டாக்டர் சொல்வதையே கேளுங்கள். எனக்கும் ஒரு கேள்வி. என் தங்கை மகனுக்கு மூன்று வயது. இரண்டிரண்டு வார்த்தைதான் பேசுகிறான், டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். அவனுக்கும் இந்த டெஸ்ட் எடுக்க முடியுமா?

செவிச்செல்வம்

எடுக்கலாம் அண்ணா. மூன்று வயது என்றால் அவனே பதில் சொல்லும் டெஸ்டும் முடியும். சத்தம் கேட்கும்போதெல்லாம் டப்பாவில் ஒரு கட்டையைப் போடச் சொல்லி விளையாட்டாக எடுப்போம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ஒரு டெஸ்டின் முடிவை இன்னொரு வகை டெஸ்டோடு ஒத்துப் பார்க்காமல் குழந்தையின் செவித்திறனைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஜெர்கர், ஹேய்ஸ் இருவரும் 1976-ல் எழுதினார்கள், இன்றைக்கும் நாங்கள் அதையே பின்பற்றுகிறோம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் டிம்பனோமெட்ரி எடுக்கச் சொல்லுங்கள். காதில் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்ப்பது. ஒரு நிமிட வேலை. அந்த வயதில் சளியும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீக்கமும் சேர்ந்து நடுக்காதில் நீர் கட்டுவது சகஜம். வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது.

சூரமங்கலம் தாய்

இதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பெராவில் கிளிக் சத்தம் மட்டும் வைத்து எடுத்தால் அது பெரும்பாலும் 2000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான் காட்டும். என் மகனுக்கு இரண்டு காதிலும் குறை என்று தெரிந்த பிறகு ஏ.எஸ்.எஸ்.ஆர். என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்தோம். 500, 1000, 2000, 4000 என்று ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் தனித்தனியே எவ்வளவு என்று வந்தது. அதை வைத்துத்தான் காது மிஷினை செட் செய்தார்கள். கிளிக் பெரா பேப்பரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மிஷின் கடைக்குப் போய்விடாதீர்கள். காது வளர வளர, மிஷினோடு காதுக்குள் வைக்கும் மோல்டு லூஸாகி விசில் அடிக்கும், சின்னக் குழந்தைக்கு அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காற்று

எடுத்துவிட்டோம். அக்கா சொன்ன மாதிரியே முந்தின நாள் இறங்கி அத்தை வீட்டில் தங்கினோம். காலையில் முழிக்க வைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. அங்கே எல்லோருடைய போனையும் வெளியே வைக்கச் சொல்லிவிட்டு லைட்டைக் குறைத்தார்கள். பால் குடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். சிரப் தேவைப்படவில்லை.

ரிப்போர்ட்டை அப்படியே எழுதுகிறேன். வலது காதில் ஐந்தாவது அலை 30 டெசிபல் வரை இருக்கிறது. இடது காதில் 55 வரைதான், எல்லா அலையும் தாமதமாக வருகின்றன. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு வைப்ரேட்டர் வைத்து எடுத்ததில் இடது பக்கமும் 30-ல் வந்தது. டிம்பனோமெட்ரி 1000 ஹெர்ட்ஸில் எடுத்தார்கள், வலது நார்மல், இடது தட்டை. ஓ.ஏ.இ.-யும் இடதில் இந்த முறை வரவில்லை. நரம்புக்குப் பயமில்லை, நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

செவிச்செல்வம்

சந்தோஷப்படுங்கள் தங்கச்சி. உங்கள் டாக்டர் தெரிந்துகொள்ள நினைத்தது நரம்பைப் பற்றி. இரண்டு பக்கமும் அலைகள் வந்திருக்கின்றன, எலும்பு வழியாகக் கொடுத்த சத்தத்துக்கு இடது பக்கமும் வலதைப் போலவே பதில் சொல்கிறது. அலைகள் எல்லாமே ஒன்றாகத் தள்ளிப் போயிருப்பது, சத்தம் நடுக்காதைக் கடக்கும்போது தடைபடுகிறது என்பதால். 1000 ஹெர்ட்ஸில் எடுத்ததும் சரிதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரியவர்களுக்கு எடுக்கும் 226 ஹெர்ட்ஸில் எடுத்தால் நீர் இருந்தாலும் நார்மல் என்று ஏமாற்றும்.

நீர் பெரும்பாலும் தானாக வடியும். சில வாரம் கழித்து டிம்பனோமெட்ரியும் ஓ.ஏ.இ.-யும் மறுபடி எடுங்கள். மூன்று மாதம் ஆகியும் வடியாமல் இருந்தால் இ.என்.டி. டாக்டர் பார்த்து முடிவு செய்வார். படுக்க வைத்துப் பால் கொடுக்காமல் தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுங்கள்.

நீர் வடிந்துவிட்டது, இனி போக வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பாப்பா குறைமாதம், மஞ்சள் காமாலை, என்.ஐ.சி.யூ. மூன்றும் சேர்ந்தவள். ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை கட்டாயம் கூட்டி வாருங்கள். அப்போது ஸ்பீக்கரில் சத்தம் கொடுத்து, திரும்பினால் பொம்மை லைட் எரிகிற மாதிரி வைத்து எடுக்கலாம், அவளே பதில் சொல்வாள். வரும்போது இந்தப் பெராவின் அலைப் படம் அச்சிட்ட பேப்பரையும் எடுத்து வாருங்கள், முடிவை எழுதிய மேல் தாள் மட்டும் போதாது. தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஊசி போடும் அக்கா

மலைக்காற்று, ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் வருவீர்கள். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பேப்பரை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.